இருபுறமும் மின்சாரம் வரும்

என் வீட்டு மொட்டை மாடியில் ஆறு சூரியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றை மின்வாரியத்தின் கம்பியோடு இணைத்த மூன்றாம் நாள், என் வாசலில் ஒருவரின் தாடை உடைந்தது. இன்னொருவரின் உள்ளங்கை வெந்தது. மூன்றாமவரின் தோள் எலும்பு இரண்டானது. இந்த மூன்றில் ஒன்று என் கைவேலை. எது என்று சொல்ல எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. அந்தப் பதினோரு நாளும், தாடை உடைந்த மனிதர், தாம் செய்யாத ஒன்றுக்காகக் கைதாகும் நிலையில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அரசுத் துறை ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்புகளைக் குறையோடு திருப்பி அனுப்புவது என் தொழிலாக இருந்தது. நன்றாகவே செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் மயிலாப்பூர் வீட்டில் செய்தித்தாளில் சந்திப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவனிடம் சூரிய மின் இணைப்பு விண்ணப்பத்தைக் கொடுத்தது, கோடைத் தவளைக்குக் குட்டையைக் காட்டியது போல. மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, சகோதரிகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், சொத்து வரி ரசீது, பெயர் மாற்றம், மின்பளு உயர்வு என்று நான்கு மாதம் வாழ்ந்தேன். மனைவி ஒருநாள், கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு சந்தோஷமா அலையலை என்றாள்.

நெட் மீட்டர் என்பது எளிய விஷயம். பகலில் தகடுகள் தரும் மின்சாரத்தில் நாம் செலவழித்தது போக மிச்சம் தெருவுக்குப் போகும். இரவில் தெருவிலிருந்து நமக்கு வரும். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் தனித்தனியாக எண்ணும். இதைச் செய்து தந்தவர் ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, வெற்றிலைப் பல். என் குறிப்புகளைத் தாங்கிய ஒரே மனிதர்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்றார் ஒருநாள். "நீ வேலைல இருந்தப்போ உன் கீழ இருந்தவங்கல்லாம் இன்னும் உயிரோட கீறாங்களா?"

எதிர்வீட்டில் இருப்பவர் தென்மாவட்டத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை நடத்துகிறவர். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் மனைவிக்கு நுரையீரல் நோய். மாடி அறையில் ஒரு ஆக்சிஜன் யந்திரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். தகடுகள் ஏறிய அன்று அண்ணாச்சி வந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"இனிமே கரண்டு போனா ஒங்க வீட்டுல மட்டும் ஃபேன் ஓடும், என்ன சார்?"

"ஓடாது. தெருவில் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும்" என்றேன்.

"வெயிலு இருக்கு, தகடு இருக்கு, ஃபேன் ஓடாதுன்னா இது என்னத்துக்கு சார்? வத்தல் காயப் போடவா?"

ஒப்பந்தக்காரர் ஏணியிலிருந்தபடியே சொன்னார்: "அண்ணாச்சி, தெருல கரண்ட்ட நிறுத்திட்டு ஒருத்தன் கம்பில கை வெச்சிக்கினு இருப்பான். அந்நேரம் இது இங்கேருந்து கரண்ட்ட தள்ளுச்சின்னா அவன் காலி. அதான் தெருல இல்லன்னா இதுவும் தானா படுத்துக்கும். உன் ஜெனரேட்டரு மாதிரி இல்ல."

அண்ணாச்சியின் ஜெனரேட்டர் மாடி வராந்தாவில் இருந்தது. பெட்ரோலில் ஓடும் சின்ன யந்திரம். அதை வீட்டோடு இணைக்க, தெரு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இதை ஏற்றும் ஒரு மாற்றுச் சுவிட்சு போட வேண்டும். அவர் போடவில்லை. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர் செய்துகொண்டார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை கூடத்துச் சுவர் பிளக்கில். வீடு முழுக்க மின்சாரம் வந்துவிடும். அதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், வீட்டைத் தாண்டித் தெருவுக்கும் போகும்.

"மெயின ஆஃப் பண்ணாம அந்த வயர சொருகாத அண்ணாச்சி. எவனாவது செத்துருவான்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"எனக்குத் தெரியாதாக்கும்? நான் பாத்துக்கிடுதேன், நீரு ஒம்ம வேலையப் பாரும்."

இந்த உரையாடல் நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பின்னால் இது எனக்கு உதவும் என்று நினைத்தேன். உதவவில்லை.

இணைப்பு முடிந்ததும் மீட்டருக்கு அருகில் எச்சரிக்கை ஒன்று ஒட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் கொண்டுவந்தார். அதில் தமிழ் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தகரப் பலகை வாங்கி, வாசகத்தை நானே எழுதி, மந்தைவெளியில் ஒரு பெயிண்டரிடம் சிவப்பில் எழுதி வாங்கினேன். எச்சரிக்கை. இவ்விடத்தில் இருபுறமும் மின்சாரம் வரும். பிழையற்ற வாக்கியம்.

"சார், இத்த படிச்சா கொரியர்காரன்கூட உள்ள வர மாட்டான்" என்றார் அவர். ஆனாலும் கேட் தூணில் மாட்டிக் கொடுத்தார். மாட்டிய பிறகு அது என் இடுப்பு உயரத்தில் இருப்பதைக் கவனித்தேன். கண்மட்டத்துக்கு ஏற்ற வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன். அப்படி எங்கும் விதி இல்லை. நான் போட்ட விதி. அந்த விதிக்காகத்தான் அவர் மூன்றாம் நாள் மறுபடி மயிலாப்பூர் வந்தார்.

காலை பதினொரு மணி இருக்கும். எங்கள் மதில் ஓரத்தில் மின்வாரியத்தின் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. நிலத்தடிக் கம்பி அதற்குள் வந்து, அங்கிருந்து நான்கு வீடுகளுக்குப் பிரியும். அதில் ஏதோ தீய்ந்துபோய் ஒரு லைன்மேன் வந்திருந்தார். நான்கு வீட்டுக்கும் மின்சாரத்தை நிறுத்தினார். சோதனை விளக்கை எல்லா முனையிலும் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. முறைப்படி செய்தார், நானே பார்த்தேன். தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் என் வாசல் சுவரில் இருக்கிறது. அதில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. தகடுகள் படுத்துவிட்டன. ஒப்பந்தக்காரர் மூங்கில் ஏணியில் நின்று பலகையை உயர்த்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு மாடியில் ஜெனரேட்டர் உறுமியது.

லைன்மேனிடமிருந்து வந்ததை அலறல் என்று சொல்ல முடியாது. வாய் மூடியிருந்தது. பற்களுக்குப் பின்னாலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம். வலது கை பெட்டிக்குள் எதையோ பிடித்து இறுகியிருந்தது. உடம்பு அந்தக் கையில் தொங்கி உதறியது. ஒப்பந்தக்காரர் ஏணியிலிருந்து குதித்தார். தொட்டால் அவரும் ஒட்டிக்கொள்வார். மூங்கில் ஏணியைத் தூக்கி லைன்மேனின் விலாவில் ஓங்கிக் குத்தினார். கை விடவில்லை. இரண்டடி பின்வாங்கி, ஓடிவந்து மறுபடி குத்தினார். லைன்மேன் தெறித்துத் தார்ச்சாலையில் விழுந்தார், தலை அடிபட்டது. ஜெனரேட்டர் இன்னும் நான்கைந்து விநாடி ஓடியது. பிறகு நின்றது.

தெருமுனை டீக்கடையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒருவன் ஏணியால் லைன்மேனைக் குத்திக் கீழே தள்ளுகிறான்.

"டேய், லைன்மேன போட்டு அடிக்கிறான்டா!"

ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். முதல் அறை ஒப்பந்தக்காரரின் காதில் விழுந்தது. அவர், ஷாக்குடா, ஷாக்கு, என்று சொல்லிக்கொண்டே லைன்மேனின் மார்பை அழுத்தப் போனார். அதையும் அவர்கள் அடிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அப்போது அண்ணாச்சி படியிறங்கி வந்தார். செருப்பில்லை, சட்டையில்லை, முகம் வெளுத்திருந்தது.

"சோலாரு! இந்த வீட்டுச் சோலார் கரண்டுதான் திரும்பி வந்திருக்கு! அன்னைக்கே சொன்னேன், கேட்டானுவளா? அந்தா போர்டப் பாருங்கல, அவனே எழுதி வச்சிருக்கான்!"

எல்லோரும் என் பலகையைப் பார்த்தார்கள். அது இப்போது கண்மட்டத்தில் இருந்தது. ஒருவன் சத்தமாகவே படித்தான்: "இருபுறமும் மின்சாரம் வரும்."

"தெரிஞ்சே பண்ணிக்கிறான் பாரு!"

நான் விளக்க ஆரம்பித்தேன். கூட்டத்திடம் நான் சொன்ன முதல் வாக்கியத்தில் மூன்று துணை வாக்கியங்கள் இருந்தன. இரண்டாவதை நான் முடிப்பதற்குள் ஒருவன் ஹெல்மெட்டால் ஒப்பந்தக்காரரின் முகத்தில் அடித்தான். வெற்றிலைக் கறையோடு ஒரு பல் என் காலடியில் வந்து விழுந்தது. அவர் முழங்காலில் சரிந்தார். ஒருவன் முதுகில் மிதித்தான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்திக் கொடுத்தான், அடிப்பவர்களுக்கு வசதியாக.

"இன்வெர்ட்டரைப் பாருங்கள், சிவப்பு விளக்கு எரிகிறது!" என்று கத்தினேன்.

"யோவ் பெருசு, அப்பால போ. உன் கேஸு அப்பறம்."

அண்ணாச்சி ஒப்பந்தக்காரரின் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார். தாடை உடையும் சத்தம் சுள்ளி ஒடிவது போலிருக்கும் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். ஈரத் துணியைக் கல்லில் அறைந்த சத்தம்தான் கேட்டது. அந்த முகம் ஒரு பக்கமாக இறங்கியது. வாய் மூடவில்லை. அண்ணாச்சி ஸ்பேனரை மறுபடி ஓங்கினார்.

நிலத்தில் எர்த் இறக்கியது போக மீந்த இரும்புக் கம்பித் துண்டு ஒன்று, செம்பு பூசியது, இரண்டடி நீளம், கேட்டுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அண்ணாச்சியின் பின்னாலிருந்து அடித்தேன். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் பட்டது. ஸ்பேனர் விழுந்தது. அவர் விழுந்தார்.

அந்நேரம் லைன்மேன் புரண்டு வாந்தி எடுத்தார். செத்தவன் வாந்தி எடுத்ததும் கூட்டத்துக்கு ஆர்வம் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் தெருவில் நாங்கள் நான்கு பேரும் ஒரு ஹெல்மெட்டும் மட்டும் இருந்தோம்.

லைன்மேன் பிழைத்தார். உள்ளங்கைச் சதை போயிற்று, இரண்டு விரல் மடங்காது. ஐந்தாம் நாள் அவர் விசாரணைக்கு வந்தவர்களிடம் தெளிவாகச் சொன்னார்: பிடித்தது இடமிருந்து மூன்றாவது முனை. அது அண்ணாச்சி வீட்டுக்குப் போவது. முனையில் கருகலும் இருந்தது. என் வீட்டு முனை நான்காவது, புதுசு போல மின்னியது. ஆக, சூரியத் தகடுகள் குற்றமற்றவை என்று முடிவாயிற்று. தகடுகளுக்கு நிம்மதி.

ஒப்பந்தக்காரருக்கு இல்லை. ஏனென்றால் அண்ணாச்சியின் புகாரில் மின்சாரம் மட்டும் இல்லை. "கேள்வி கேட்கப் போன என்னை அவன்தான் முதலில் இரும்புக் கம்பியால் அடித்தான், உயிருக்குப் பயந்து, தற்காப்புக்காகக் கையில் கிடைத்த ஸ்பேனரை வீசினேன்" என்று இருந்தது. பொய்தான். ஆனால் அவர் எலும்பு நிஜமாக உடைந்திருந்தது, கம்பி என் வாசலில் ரத்தத்தோடு கிடந்தது. டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்களைக் கேட்டால், அன்று தெருவிலேயே இல்லையாம். அண்ணாச்சியின் புகார் நின்றால், தாடையை உடைத்தது தற்காப்பு. அடி வாங்கியவர் சிறைக்குப் போவார், உரிமமும் போகும்.

என் புகார் மூன்று பக்கம். நேரம், இடம், வரைபடம், இன்வெர்ட்டரின் பதிவு, அனைத்தும் இணைப்பு ஒன்று முதல் ஆறு வரை. இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார். நிதானமான மனிதர்.

"எல்லாம் அழகா எழுதியிருக்கீங்க சார். இதுல, 'இத்தருணத்தில் எதிர்வீட்டுக்காரருக்கும் காயம் ஏற்பட்டது'ன்னு இருக்கு. எப்படி ஏற்பட்டுச்சு?"

"கைகலப்பில்."

"யாரு கை?"

"அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை" என்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் மற்றவர்களின் இப்படிப்பட்ட வாக்கியங்களை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒப்பந்தக்காரரின் பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்சார்ஜ் ஆனதும் அழைத்துப்போக. நான் கொண்டுபோன சாத்துக்குடிச் சாற்றை ஸ்ட்ராவால் உறிஞ்சினார். பாதி மோவாயில் வழிந்தது, இளஞ்சிவப்பாக. பேச முடியாததால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் காட்டினார்.

'கம்பி உன் வூட்டுது சார். யார் எடுத்தது?'

"கூட்டத்தில் யாரோ" என்றேன்.

அவர் அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

'நீ அங்கதான நின்ன.'

சாற்றுப் பாட்டிலைக் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாட்டிலோடு வீடு வரை வந்துவிட்டேன்.

அன்று மாலை மனைவியிடம், சனிக்கிழமை மாதா கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சாந்தோம் பக்கத்துப் பெண்களை நாற்பது வருஷம் மிரட்டியவள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமியார் என்ன, எஃப்.ஐ.ஆரா போடப்போறாரு?"

"என்ன சொல்கிறாய்?"

"அண்ணாச்சி ஜெனரேட்டர நிறுத்தினதும் அந்தம்மாவோட மெஷினும் நின்னுடுச்சி. மூச்சு வாங்குதுன்னு கத்தினாங்க. நான் பின்பக்கமா ஓடிப் போய் சிலிண்டர மாட்டி விட்டுட்டு, அவங்க வராந்தாவுல நின்னேன். கீழ நடந்தத மேலேருந்து பாத்தேங்க. முழுசாப் பாத்தேன்." கத்தியை வைத்தாள். "அந்தம்மாவும் படுத்துக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்தாங்க. புருஷனக் காட்டிக் குடுக்க மாட்டாங்க. நானும் மாட்டேன். நீங்களாப் போனாத்தான் உண்டு."

மூன்று நாள் போகவில்லை. விதிமுறைகளைப் படித்தேன். ஓய்வூதியத்துக்கு என்ன ஆகும், முன்ஜாமீன் எப்படி, முதியவர்களுக்குச் சலுகை உண்டா. சிறையில் பைபிள் கொடுப்பார்களா என்றுகூட யோசித்தேன், படித்து இருபது வருஷமாகிறது. பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் தொலைபேசியில், ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்துட்டு சமாதானமாப் போறதா இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல சார், இல்லாட்டி நாளைக்கு மறுநாள் அவர டிஸ்சார்ஜ் பண்றாங்க, நான் கூட்டிட்டு வந்தாகணும் என்றார். ஒப்பந்தக்காரரிடம் கேட்டார்களாம். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, 'நான் அடிக்கல' என்று எழுதியிருக்கிறார். சமாதானம் வேண்டாமாம்.

பதினோராம் நாள் காலை ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். இன்ஸ்பெக்டர் என் கையில் கோப்பு இல்லாததைக் கவனித்தார்.

"அண்ணாச்சியைக் கம்பியால் அடித்தது நான்" என்றேன். "ஒப்பந்தக்காரரின் தாடை அதற்கு முன்பே உடைந்திருந்தது. அண்ணாச்சி ஸ்பேனரை மறுபடி ஓங்கியபோது அடித்தேன்."

அவர் ரைட்டரைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார், எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்க மேல கேஸ் வரும். அவர் மேல இருக்கறது போயிடும்."

"அதற்காகத்தான் வந்தேன்."

ரைட்டர் எழுத ஆரம்பித்தார். அவர் எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து மருத்துவ அறிக்கையை எடுத்துப் பார்த்தார்.

"ஸ்பேனரை ஓங்கினாரு, தடுக்கறதுக்கு அடிச்சீங்க. கோர்ட்ல இது நிக்கும் சார், கவலைப்படாதீங்க. ஆனா இதுல ரெண்டு காயம் போட்டிருக்கு. தோள்ல ஒண்ணு, முதுகுல ஒண்ணு."

"ஆமாம். இரண்டு தடவை அடித்தேன்."

"ரெண்டாவது தடவையும் ஸ்பேனர் அவர் கைல இருந்துச்சா?"

ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று பேருமே அதைத்தான் எதிர்பார்த்தோம்.

"இல்லை" என்றேன். "ஸ்பேனர் விழுந்துவிட்டது. அவரும் விழுந்திருந்தார். குப்புறக் கிடந்தார்."

"அப்புறம் ஏன் சார்?"

"முதல் அடி பட்டபோது, அவர் எலும்பு உடைவது கம்பி வழியாக என் கையில் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."